கழுவாமல் வந்த கப்சாய்

ஒரு வேலை முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பட்டறையில் எனக்குப் பிறகு சேர்ந்த துர்கா இந்தக் கேள்வியைப் போன வாரம் குரல் பதிவாக அனுப்பியிருந்தாள். “அக்கா, சென்சார் மாட்டிட்டேன், மீட்டர் ஓடுது, ஓட்டியும் பாத்துட்டேன். ஆனா சாவிய குடுக்க மனசு வரல லா. முடிஞ்சிருச்சுன்னு நீங்க எப்படி முடிவு பண்ணுவீங்க?” திரும்பத் திரும்பக் கேட்டேன். இன்னும் பதில் அனுப்பவில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவள் நான். கேட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன். இழுத்தபோது திறந்துகொண்டிருக்குமோ என்று மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். என்னிடம் போய் அவள் இதைக் கேட்டிருக்கிறாள்.

பதிவின் கடைசியில், “செல்வம் மண்டோர் வண்டி கதைய முழுசா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க, நீங்களே சொல்லுங்கக்கா” என்றும் சேர்த்திருந்தாள். கேள்விக்குப் பதில் இல்லாவிட்டாலும் கதையையாவது சொல்லலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இப்படிப்பட்ட கட்டுரைகளை நரைத்த பிறகுதான் எழுதுவார்கள். எனக்கு ஓய்வு முப்பது வயதுக்கு முன்பே வந்துவிட்டது. மகள் பிறந்ததும் ஈப்போ பட்டறை வேலையை விட்டேன். ஆகவே நீண்ட அனுபவம் என்று மார்தட்ட முடியாது. ஆனால் ஒரு வண்டியைப் பற்றி மட்டும் தட்டலாம்.

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தேன். கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி, பிறகு அங்கேயே சில காலம் கன்வேயர் முன்னால் வேலை. கல்யாணமாகி ஈப்போவில் குனோங் ராபாட் பகுதிக்கு வந்தபோது, மோட்டார் சைக்கிள் பட்டறை ஒன்றில் கவுண்டருக்கு ஆள் தேவை என்றார்கள். சேர்ந்தேன். கவுண்டரிலிருந்து வயரிங்குக்கும், வயரிங்கிலிருந்து மீட்டர் வேலைக்கும் மெல்ல நகர்ந்தேன். பழைய மோட்டார் சைக்கிள்களில் கேபிள் மீட்டரைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் மீட்டர் வைப்பது அப்போது பரவலாகிக்கொண்டிருந்தது. மெக்கானிக்குகளுக்கு அந்த மெல்லிய வயர்களைக் கண்டால் எரிச்சல். எனக்கு அவைதான் பழக்கம்.

பட்டறையின் தலைமை மெக்கானிக் வின்சென்ட் அண்ணே. நாற்பதைத் தாண்டியவர், குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயம். பட்டறையில் இருக்கும் எல்லா வண்டிகளின் சாவிகளும் அவர் சட்டைப் பையில் கிடக்கும். வேலை முடிந்தது என்று நாம் சொன்னால், வண்டிக்கு முன்னால் நிற்கவைத்து, என்ன செய்தோம் என்று முதலிலிருந்து சொல்லச் சொல்வார். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு வறுத்த கச்சாங்கை, அதாவது வேர்க்கடலையை, மென்றுகொண்டிருப்பார். நாம் எதையாவது விட்டுவிட்டால் மெல்லுவது நின்றுவிடும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். தாடை அசையும்வரை நாமாகவே யோசித்துக்கொண்டு நிற்க வேண்டும். கடைசியில் சாவியை எடுத்துக் கொடுப்பார். நல்லது, கெட்டது என்று எந்த வார்த்தையும் கிடையாது. எனக்கு அவர் வைத்த பெயர் ‘பாலிடெக்னிக்’.

அவருக்கு ஒரு கண்டிப்பான சட்டமும் உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். “குளிக்காத வண்டி மேடை ஏறாது” என்பார். சேறும் எண்ணெயும் அப்பிய வண்டியில் யாரும் கைவைக்கக் கூடாது. ஈப்போவில் இவ்வளவு சுத்தமான பட்டறை இல்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். அதில் அவருக்குப் பெருமை. பெரும்பாலும் அவரே கழுவுவார், சக்கரத்தின் கம்பிக்குக் கம்பி.

ஈப்போவுக்கு வெளியே, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்தது. அங்கே வேலைக்காரர்களை மேற்பார்க்கும் மண்டோர்களுக்குத் தோட்டத்து மோட்டார் சைக்கிள்கள் உண்டு. எல்லாமே கப்சாய் என்று இங்கே சொல்லும் பழைய சின்ன வண்டிகள், கேபிள் அறுந்து மீட்டர் செத்தவை. குடியிருப்புப் பக்கம் ஒரு விபத்து நடந்த பிறகு, தோட்டத்துக்குள் நாற்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. ஓட்டிய அதிகபட்ச வேகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் மீட்டரை எல்லா வண்டிகளுக்கும் பொருத்தவும் முடிவு செய்தது. சனிக்கிழமை தோறும் ஆபீசில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சுழியமாக்குவார்கள். முதலில் ஒரே வண்டியில் பொருத்திப் பார்ப்பது என்று ஏற்பாடு. அந்த வண்டி செல்வம் மண்டோருடையது.

செல்வம் அண்ணனுக்கு வாய் ஓயாது. மண்டோர் பதவி கிடைத்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அதற்கு முன் பல வருடம் செம்பனைப் பழக்குலை வெட்டியவர். தோளில் அந்த வேலையின் வலி இன்னும் இருந்தது. கையைத் தூக்கும்போது முகத்தில் தெரியும்.

சென்சார் பொருத்தும் முறையைத் துர்காவுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். அந்த வண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். டிஸ்க்கைச் சக்கரத்தோடு பிடித்திருப்பவை நான்கு இரும்பு போல்ட்டுகள். நாங்கள் வைத்த சென்சாரின் முனைக்குள்ளேயே ஒரு சிறு காந்தம் உண்டு. போல்ட்டின் தலை முனையைக் கடக்கும்போதெல்லாம் மீட்டருக்கு ஒரு துடிப்பு போகும். நான்கு துடிப்பு என்றால் சக்கரம் ஒரு சுற்று. ஃபோர்க்கில் ஒரு தகடு அடித்து, சென்சாரை அதில் இறுக்கி, போல்ட் தலைக்கும் முனைக்கும் நடுவே இடைவெளித் தகட்டைச் செருகிப் பார்ப்பேன். ஒரு போல்ட்டுக்குப் பார்த்தால் போதாது, நான்குக்கும் பார்க்க வேண்டும். வயரை பிரேக் ஹோசோடு சேர்த்துக் கட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, இழுக்கிறதா என்று பார்ப்பேன்.

பிறகு சக்கரத்தின் சுற்றளவு. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, நேர் கீழே தரையில் ஒரு கோடு. ஆள் ஏறி உட்கார்ந்திருக்க வண்டியை ஒரு சுற்று உருட்டி, மறு கோடு போட்டு அளக்க வேண்டும். எடை ஏறினால் டயர் அமுங்கும். ஆள் இல்லாமல் அளந்தால் கணக்கு தப்பும்.

“எடை கொறைங்கன்னு என் வீட்டம்மா தெனம் கத்துறா. இங்க பாரு, என் எடைய கணக்குல சேத்துக்கறாங்க,” என்றார் செல்வம் அண்ணே, வண்டிமேல் உட்கார்ந்துகொண்டு.

“அசையாதீங்கண்ணே. அசைஞ்சா கோடு போயிரும்.”

“போட்டோக்கு கூட இப்படி ஒக்காந்ததில்ல லா.”

நான்கு துடிப்பு, சுற்றளவு, இரண்டையும் மீட்டரில் ஏற்றினேன். கைப்பேசியின் ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டு ஓட்டிப் பார்த்தோம், சரியாக இருந்தது. வின்சென்ட் அண்ணன் முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கச்சாங் நிற்காமல் மெல்லப்பட்டது. சாவி வந்தது.

அடுத்த வாரத் தொடக்கத்தில் செல்வம் அண்ணே திரும்பி வந்தார்.

“தங்கச்சி, நான் என்ன ரேஸ்காரனா? சனிக்கிழம ஆபீஸ்ல பாத்தா எழுபத்தெட்டுன்னு காட்டுது. மேனேஜர் என்ன கூப்புட்டு வார்னிங் குடுத்துட்டாரு.”

“ஓட்டுனீங்களாண்ணே?”

“அந்த ரோட்டுல எழுபத்தெட்டுல போனா வண்டி போவாது, நான்தான் போவேன். நேரா மேல!”

வின்சென்ட் அண்ணே வழக்கம்போல வண்டியைக் கழுவி மேடையில் ஏற்றினார். நான் இடைவெளியை அளந்தேன், வயரைச் சோதித்தேன், ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி. பிளக் வயரிலிருந்து வரும் மின்னிரைச்சல் சென்சார் வயரில் கலக்கிறதோ என்ற சந்தேகத்தில் பிளக் மூடியை மாற்றினேன். சென்சார் வயரையும் வேறு பக்கமாகக் கொண்டுபோனேன். மறுபடி ஓட்டினோம். மறுபடி சரி.

அவர் போன பிறகு வின்சென்ட் அண்ணே மெதுவாகச் சொன்னார்: “அவன் ஓட்டியிருப்பான். புது மண்டோர், கையி சும்மா இருக்காது.”

எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசைதான். குற்றம் அவருடையது என்றால் நான் தூங்கலாம்.

அடுத்த சனிக்கிழமை எழுபத்தொன்று காட்டியது. இந்த முறை செல்வம் அண்ணே வந்தபோது சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். “இன்னொரு தடவ இப்படி வந்தா மண்டோர் வேல இல்லன்னு சொல்லிட்டாரு. மறுபடி குலை வெட்டப் போவணும். இந்தத் தோள வெச்சுக்கிட்டு என்னால முடியாது தங்கச்சி. நீதான் பாக்கணும்.” வண்டியைக் காட்டி, “உன் மீட்டரு ஒன்ன பாத்தா மட்டும் ஒழுங்கா நடந்துக்குது. வாத்தியாரக் கண்ட பையன் மாதிரி,” என்றார்.

வின்சென்ட் அண்ணே கழுவி ஏற்றினார், சரியாக இருந்தது. புதுச் சென்சார் மாட்டி அனுப்பினோம்.

அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. வயிற்றில் என் மகள் இருந்தாள்; பெட்ரோல் வாசனை குமட்டியது. பட்டறையில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.  இரவு வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டே, வண்டியில் செய்ததையெல்லாம் மனதுக்குள் முதலிலிருந்து ஒப்பித்தேன். இடைவெளி, போல்ட், வயர், சுற்றளவு. எங்கும் தவறு இல்லை. ஆனாலும் செல்வம் அண்ணன் பொய் சொல்கிறார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அப்படியானால் இங்கே சரியாக ஓடும் வண்டி அங்கே ஏன் தப்பாக ஓடுகிறது? இங்கே வந்ததும் நாங்கள் முதலில் செய்வது என்ன?

கையில் பாதி விளக்கிய சட்டி. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சட்டியைக் கழுவிய பிறகு அதில் என்ன கறி வைத்தோம் என்று யார் சொல்ல முடியும்?

உடனே செல்வம் அண்ணனைக் கைப்பேசியில் அழைத்தேன். “அண்ணே, சனிக்கிழம வரைக்கும் காத்திருக்க வேணாம். ரெண்டு நாள் ஓட்டிட்டு அப்படியே கொண்டாங்க. தொடைக்காதீங்க, கழுவாதீங்க.”

“அதுல எனக்கு நல்ல பழக்கம் இருக்கு. பல்லையே ஒழுங்கா வெளக்கறதில்ல,” என்றார்.

அவர் வந்த அன்று வின்சென்ட் அண்ணே தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்துவிட்டார். நான் போய் வண்டிக்கும் அவருக்கும் நடுவே நின்றேன்.

“அண்ணே, இத கழுவ வேணாம்.”

“ஏன்?”

“கழுவறதுக்கு முன்னாடி பாக்கணும்.”

“சேத்தோட மேடையில ஏத்தணுமா?”

“மேடையில ஏத்த வேணாம். கீழேயே பாக்கறேன்.”

மெல்லுவது நின்றது. அந்த மௌனம் எனக்குப் பழக்கம்தான். வழக்கமாக நான்தான் அதில் ஏதோ ஒரு தவறை ஒத்துக்கொள்வேன். அன்று ஒத்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

“அழுக்கானா என்னக் கேக்காத,” என்று குழாயைக் கீழே போட்டார்.

சிமெண்டுத் தரையில் குப்புறப் படுக்காத குறையாக உட்கார்ந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். சென்சார் முனையில் தாடி முளைத்திருந்தது. கருகருவென்று, மயிர்க்கற்றை போலக் குத்திட்டு நின்றது. சக்கரத்தை மெல்லச் சுற்றினேன். போல்ட் தலை நெருங்கியதும் தாடி சிலிர்த்து அதன் பக்கம் சாய்ந்தது. கடந்த பிறகும் ஆடியது. ஒரு போல்ட்டை மீட்டர் சில சமயம் இரண்டாக எண்ணியிருக்கிறது. விரலால் தொட்டேன். மணல். கருப்பு மணல்.

“செல்வம் அண்ணே, ஒங்க தோட்டத்து ரோட்டுக்கு என்ன மண்ணு போட்டிருக்காங்க?”

“பக்கத்துல பழைய ஈயக்குட்டை இருக்குல்ல, அந்த மண்ணுதான் லாரி லாரியா கொட்டுனாங்க. ஏன்?”

சுரங்கத்தில் வெள்ளீயம் எடுத்த பிறகு மிஞ்சும் கருமணலை இங்கே அமாங் என்பார்கள். அதில் காந்தத்துக்கு இழுபடும் துகள்கள் உண்டு. ஈயச் சுரங்க ஊர்களில் பிறந்து வளர்ந்த மூன்று பேர் அந்தச் சக்கரத்தைச் சுற்றி நின்றிருந்தோம். மூவருக்கும் அமாங் தெரியும். அந்த மண்ணில் காந்தத்தை உருட்டிக்கொண்டு போகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கான சாட்சியத்தை ஒவ்வொரு முறையும் நாங்களே பீய்ச்சி அடித்துச் சாக்கடையில் விட்டிருந்தோம்.

வின்சென்ட் அண்ணே குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கச்சாங்கை உரித்து வாயில் போட்டார். “ரெண்டு தடவ நான்தான் கழுவுனேன்,” என்றார். அவ்வளவுதான்.

காரணம் தெரிந்துவிட்டது, வேலை பாக்கியிருந்தது. தினமும் துடைக்கச் சொல்வது தீர்வு ஆகாது. மூடி போட்டால் மூடிமேல் ஒட்டும். காந்தம் தரைக்குப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. அப்போதுதான் பழைய கேபிள் நினைவுக்கு வந்தது. முன்சக்கர அச்சில், கேபிளைச் சுற்றும் சிறு பல்சக்கரப் பெட்டி அப்படியே இருந்தது; கழற்றினால் சக்கரம் ஒரு பக்கம் தள்ளும் என்பதால் விட்டுவைத்திருந்தோம். அதில் புதுக் கேபிளை மாட்டினேன். கேபிளின் உள்கம்பி உறைக்குள் சுற்றுவதால் மணல் தொடாது. அதன் மேல்முனையை விளக்கு மூடிக்குள் கொண்டுபோய், ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சிறு காந்தப் பொட்டு ஒன்றைக் கேபிள் சுழற்றும்படி வைத்தேன். டப்பாவுக்குள்ளேயே, காந்தம் இல்லாத வகைச் சென்சார். டப்பாவின் வாயைச் சிலிகானால் அடைத்தேன். சக்கரம் பல முறை சுற்றினால் கேபிள் எத்தனை முறை சுற்றுகிறது என்று, கேபிள் முனையில் காகிதக் கொடி ஒட்டி எண்ணினேன். எண்ணியது சரியா என்று வின்சென்ட் அண்ணனையும் எண்ணச் சொன்னேன். அவர் எண்ணினார்! என் கணக்கும் அவர் கணக்கும் ஒன்றாக இருந்தன.

சக்கரத்துப் பக்கம் இருந்த பழைய சென்சாரை நான் கழற்றவில்லை. அதற்குத் தனியாக ஒரு மீட்டர் கொடுத்து, ஹேண்டிலில் இரண்டு மீட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“எதுக்கு ரெண்டு?” என்றார் வின்சென்ட் அண்ணே.

“நாம சொன்னா மேனேஜர் நம்பணும்ல.”

செல்வம் அண்ணே அந்த வண்டியில் முன்னால் போக, பட்டறை வேனில் வின்சென்ட் அண்ணனும் நானும் தோட்டத்துக்குப் போனோம். மேனேஜர் ஒரு மலாய்க்காரர். எல்லாரும் அவரை என்சிக், அதாவது ஐயா, என்றே அழைத்தார்கள். கடுமையானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர். மலாயில் விஷயத்தைச் சொன்னேன். நடுவில் ‘தாடி’க்கு மலாய் வார்த்தை மறந்துபோய் மோவாயைத் தடவிக் காட்டினேன். அவர் புருவத்தைத் தூக்கினார். “செல்வம் தோட்டத்தைச் சுற்றி வரட்டும், நான் காரில் பின்னாலேயே வருகிறேன்,” என்றார். இரண்டு மீட்டர்களையும் சுழியமாக்கினோம். அவர்கள் புழுதி கிளப்பிக்கொண்டு செம்பனை மரங்களுக்குள் மறைந்தார்கள்.

அந்தக் காத்திருப்பு முடிவதாகவே இல்லை. இன்று பார்த்துப் பழைய சென்சார் சரியாகக் காட்டிவிட்டால்? நான் அடைத்த டப்பா பிரிந்துவிட்டால்? இரண்டுமே எழுபது காட்டினால்? செல்வம் அண்ணனின் வேலையை அவர் கண்முன்னாலேயே நான் பறித்ததாகிவிடும். ஆபீஸ் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

“ஒக்காரு பாலிடெக்னிக்,” என்றார் வின்சென்ட் அண்ணே. “எத்தன மாசம்?”

நான் திடுக்கிட்டேன்.

“எங்க வீட்ல மூணு பாத்துட்டேன் லா. பெட்ரோல் டின்ன தொறந்தா நீ ஓடற ஓட்டம் எனக்குத் தெரியாதா? ஒக்காரு.”

உட்கார்ந்தேன். அவர் கச்சாங் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். எத்தனையோ ஒப்புவித்தல்களில் அவர் அதை யாருக்கும் நீட்டி நான் பார்த்ததில்லை.

தூரத்திலேயே சத்தம் கேட்டது. செல்வம் அண்ணே ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி வந்தார், தோள் வலிக்கிற அதே கையை. “தங்கச்சி! எடது பக்கம் புளுவுது! வலது பக்கம் சத்தியம் பண்ணுது!”

இடது மீட்டர், பழைய சென்சாருடையது, அறுபத்தொன்பது காட்டியது. வலது மீட்டர் முப்பத்தெட்டு. காரிலிருந்து இறங்கிய என்சிக், “நான் முழுக்கப் பின்னாலேயே வந்தேன், நாற்பதைத் தாண்டவே இல்லை,” என்று மலாயில் சொன்னார். நான் டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன். குனிந்து சென்சார் முனையைப் பார்த்தார். கருப்புத் தாடி நன்றாகவே முளைத்திருந்தது. விரலால் அதைக் கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, பலமாகச் சிரித்தார். என் மோவாய்த் தடவலுக்கு அப்போதுதான் அவருக்கு அர்த்தம் புரிந்தது.

பிறகு ஆபீசில் இருந்தவர்களையும் மற்ற மண்டோர்களையும் வெளியே கூப்பிட்டார். செல்வத்துக்குக் கொடுத்த இரண்டு எச்சரிக்கைகளும் தவறு, இனி கிடையாது என்று அவர்கள் எல்லார் முன்னாலும் சொன்னார். மற்ற வண்டிகளுக்கும் இதே மாதிரிதான் பொருத்த வேண்டும், இந்தப் பெண்தான் பொருத்த வேண்டும் என்றார். செல்வம் அண்ணே ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் வேனில் நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்த முடியவில்லை. பட்டறைச் சட்டமும் மறுநாளே மாறியது. சேற்றோடு வந்த ஒரு வண்டிக்குப் புதிய ஆள் ஒருவன் தண்ணீரைத் திறக்கப் போக, வின்சென்ட் அண்ணே தடுத்தார். “முதல்ல பாலிடெக்னிக் பாக்கட்டும். அப்புறம் குளிக்கலாம்.”

மகள் பிறக்கும்வரை தோட்டத்து வண்டிகள் எல்லாவற்றையும் நானே முடித்தேன். பிறகுதான் வேலையை விட்டேன். விட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் செல்வம் அண்ணே பக்கத்துத் தோட்டங்களிலெல்லாம் கதையைச் சொல்லிவைத்திருக்கிறார். அங்கேயும் ஈயக்குட்டை மண் போட்ட ரோடுகள்தான். எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் இப்போது சேற்றோடு கப்சாய்கள் வந்து நிற்கின்றன. “அக்கா இருக்காங்களா? கழுவாமதான் கொண்டாந்திருக்கேன்,” என்று கேட்டுக்கு வெளியே குரல் கேட்கும்போது எனக்கு ஏற்படும் சந்தோஷத்தைக் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. வின்சென்ட் அண்ணனும், டப்பா அடைக்கும் வேலையை வீட்டிலேயே செய் என்று அனுப்பிவைக்கிறார்.

இப்போது என் கவலை வேறு. மகள் தவழ்கிறாள். தரையில் எது கிடந்தாலும் நேராக வாய்க்குத்தான். டப்பாவுக்குள் வைக்கும் காந்தப் பொட்டுகள் அரிசியை விடக் கொஞ்சம்தான் பெரியவை. இரண்டை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அவள் தூங்கும்போது மட்டும் டப்பாவைத் திறக்கிறேன். முடிந்ததும் எண்ணுகிறேன், பூட்டுகிறேன், மறுபடி திறந்து எண்ணுகிறேன். வேலை முடிந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாயே துர்கா, எனக்கு இப்படித்தான். பெரிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரை முழுவதும் இழுத்துப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் தவறவில்லை. ஆனால் அவள் அடுத்து எழுந்து நிற்பாள், அலமாரியை எட்டுவாள்.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஊசி, மணி, திருகு, காந்தம் போன்ற சின்னப் பொருள்களோடு வேலை செய்யும் தாய்மார்கள் இதைப் படித்தால், நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எந்த மாதிரிப் பூட்டு, எந்த உயரம், தனி அறை வேண்டுமா, வேலை முடிந்து உடுப்பை மாற்றுகிறீர்களா, எல்லாமே எனக்கு உதவும். வேலையை விட்டுவிடு என்ற யோசனையை மட்டும் அனுப்ப வேண்டாம். அதை என் மாமியார் தினமும் தருகிறார்; இன்று காலையும் தந்தார். அப்போது வாசலில் நான்கு கப்சாய்கள் கழுவாமல் நின்றுகொண்டிருந்தன.